முயலின் பாதங்களைச் சுத்தமாகவும் புண்ணில்லாமலும் பராமரிப்பது எப்படி?

நாய், பூனை ஆகியவற்றின் பாதத்தின் அடியில் தடித்த, மெத்தென்ற சதைப்பகுதி இருக்கும். முயலுக்கு அது கிடையாது. அதன் தோலுக்கும் தரைக்கும் இடையே இருப்பது அடர்ந்த முடி மட்டுமே. அந்த முடி நனைந்து சடை பிடித்தாலோ தேய்ந்து உதிர்ந்தாலோ, உடலின் எடை நேராக மெல்லிய தோலின் மீது விழுகிறது. உட்கார்ந்திருக்கும் முயல் தன் பின்னங்கால்களை விரல் நுனியிலிருந்து குதிகால் வரை தரையில் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். புண் முதலில் வருவதும் பெரும்பாலும் அந்தக் குதிகால் பகுதியில்தான். முயலின் பாதம் அழுக்காக இருக்கிறது என்றால், அது நிற்கும் இடத்தில் ஏதோ சரியில்லை என்றே முதலில் எண்ண வேண்டும். எனவே இந்தச் செய்முறையின் முதல் இரண்டு படிகளில் பாதத்தைத் தொடும் வேலையே இல்லை.

படி 1: தரையைச் சரிசெய்யுங்கள்

கம்பி வலையால் ஆன அடித்தளம் கொண்ட கூண்டு, சுத்தம் செய்வதற்கு வசதியானது. ஆனால் அந்த வசதி வளர்ப்பவருக்கு மட்டுமே. கம்பியின் மீது அமரும் முயலின் எடை பாதம் முழுவதும் பரவாமல் சில கோடுகளின் மீது மட்டும் அழுந்துவதால், அந்த இடங்களில் ரத்த ஓட்டம் குறைந்து தோல் நலிவடைகிறது. இத்தகைய கூண்டு ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், முயல் நடமாடும் பரப்பு முழுவதையும் சமதளமான பலகையால் மூடி, அதன் மேல் பருத்தி விரிப்பையோ தடிமனாகப் பரப்பிய உலர்புல்லையோ இடுங்கள்.

வழுக்கும் ஓட்டுத்தரையும் நல்லதல்ல. நகத்தை ஊன்றிப் பிடிக்க வழியில்லாத முயல், சறுக்காமல் இருப்பதற்காக எடையைப் பின்னுக்குத் தள்ளிக் குதிகாலில் நிற்கப் பழகிவிடும். சொரசொரப்பான செயற்கை இழைக் கம்பளமோ வேறு விதத்தில் தொல்லை தரும்: முயல் துள்ளி ஓடித் திரும்பும் ஒவ்வொரு முறையும் பாதத்து முடியைச் சிறிது சிறிதாகத் தேய்க்கும். மென்மையும் பிடிமானமும் ஒருங்கே உள்ள, துவைத்துக் காயவைக்கக்கூடிய பருத்தி விரிப்புகளே என் அனுபவத்தில் சிறந்தவை. முயல் விரிப்பைக் கடித்து இழைகளை விழுங்குகிறதா என்பதை மட்டும் தொடக்கத்தில் கவனித்துக்கொள்ளுங்கள். விழுங்கும் பழக்கம் இருந்தால் உலர்புல்லுக்கு மாறிவிடுவது பாதுகாப்பானது.

படி 2: கழிவுத் தட்டை ஈரமின்றி வையுங்கள்

பாதம் அழுக்காவதற்கு முதன்மையான காரணம் சிறுநீர். முயலின் சிறுநீரில் கால்சியம் மிகுதியாக இருப்பதால் அது முடியில் காய்ந்ததும் சுண்ணாம்பு போன்று படிகிறது. ஈரம் நீடித்தால் தோல் ஊறிச் சிவந்து, கிருமிகள் நுழைய வழி ஏற்படுகிறது. தட்டின் அடியில் காகித உருண்டைகளை இட்டு, அவை முழுவதும் மறையும்படி மேலே உலர்புல்லைப் பரப்புங்கள். சிறுநீர் கீழே இறங்கி உறிஞ்சப்பட, முயலின் கால்கள் உலர்ந்த மேற்பரப்பில் இருக்கும். நனைந்த பகுதியை நாள்தோறும் அகற்றுங்கள். பூனைகளுக்கென விற்கப்படும், ஈரம் பட்டதும் கட்டியாகும் களிமண் துகள்களை முயலுக்குப் பயன்படுத்தக் கூடாது. முயல் அதைத் தின்றுவிட்டால் குடல் அடைத்துக்கொள்ளும். பைன், தேவதாரு மரச் சீவல்களையும் தவிர்த்துவிடுங்கள்.

பாதத்தில் ஒட்டியிருப்பது பசை போன்ற மென்மையான எச்சமாக இருந்தால், கோளாறு தட்டில் இல்லை, உணவில் இருக்கிறது. முயல் இருவகைப் புழுக்கைகளை இடும். அவற்றுள் மென்மையானதைத் தானே வாயால் எடுத்துத் தின்றுவிடுவது அதன் இயல்பு. மாவுச்சத்தும் இனிப்பும் கூடிய தீனி மிகும்போதும், பருமனால் குனிய முடியாதபோதும் அது தின்னப்படாமல் மிதிபட்டு ஒட்டிக்கொள்கிறது. உணவில் பெரும்பகுதி உலர்புல்லாக இருக்கும்படி மெதுவாக மாற்றினால் பெரும்பாலும் இது தானாகவே குறைந்துவிடும்.

படி 3: வாரம் ஒரு முறை பாதங்களைப் பாருங்கள்

நீங்கள் தரையில் அமர்ந்துகொள்ளுங்கள். முயல் திமிறிக் குதித்தாலும் உயரத்திலிருந்து விழாது. அதன் முதுகு உங்கள் மார்பில் சாயும்படி மடியில் உட்காரவைத்து, ஒரு கையால் மார்பையும் மறு கையால் பின்பகுதியையும் தாங்குங்கள். பின்பகுதிக்குத் தாங்கல் இல்லாத முயல் வலுவாக உதைக்கும். அந்த உதையின் வேகத்திலேயே அதன் முதுகெலும்பு முறியக்கூடும். இன்னொருவர் உடனிருந்து பாதத்தைப் பார்த்தால் வேலை எளிது. முயலை மல்லாத்திப் படுக்கவைத்தால் அசையாமல் கிடக்கிறதே என்று சிலர் அதைப் பரிந்துரைக்கிறார்கள். அந்த அசையாமை அமைதியன்று, அச்சத்தால் விறைத்துப்போகும் நிலை. அந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பின்னங்கால் குதியில் முடியை விரலால் விலக்கிப் பாருங்கள். முடிக்கு அடியில் மறைந்திருக்கும், சிறிய, உலர்ந்த, காய்ப்புக் காய்த்தது போன்ற திட்டு பல முயல்களுக்கு உண்டு. அதைக் கண்டு பதற வேண்டியதில்லை. முடி நீங்கி வெளியே தெரியும் திட்டு பளபளப்பான சிவப்பாக இருப்பது, தொட்டால் சூடாகவோ வீக்கமாகவோ தோன்றுவது, பொருக்கு, வெடிப்பு, கசிவு ஆகியவையே கவலைக்குரியவை. ஒவ்வொரு முறையும் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால், திட்டு பெரிதாகிறதா என்பதை நினைவை நம்பாமல் ஒப்பிட்டு அறியலாம். மெல்லிய குட்டை முடி கொண்ட ரெக்ஸ் இன முயல்களையும், உடல் பெருத்த முயல்களையும் வாரத்தில் இரண்டு மூன்று முறை பார்ப்பது நல்லது.

முன்னங்கால்களின் உட்புறத்தையும் பாருங்கள். அங்கு முடி ஈரமாகவோ திரிதிரியாகவோ இருந்தால், முயல் ஒழுகும் மூக்கையோ கண்ணையோ அந்தக் கால்களால் துடைத்திருக்கிறது என்று பொருள். சுத்தம் செய்வது அதற்குத் தீர்வாகாது. மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

படி 4: அழுக்கை நீக்குங்கள்

முயலை முழுவதுமாகக் குளிப்பாட்டுவது ஆபத்தானது. நனைந்த அடர்முடி காய நெடுநேரம் ஆகும். அதற்குள் உடல் வெப்பம் குறைவதோடு, அச்சத்தால் அதிர்ச்சி ஏற்பட்டு உயிரே போகலாம். பாதத்துக்கு மட்டும், எளிய முறையிலிருந்து தொடங்குங்கள்.

காய்ந்த அழுக்கின் மீது கார்ன்ஃப்ளோர் மாவைச் சிறிது தூவி, விரலால் மெல்லத் தேய்த்து, அழுக்கு பொடிந்ததும் நெருக்கமில்லாத பற்களுடைய சீப்பால் வாருங்கள். மாவு மூக்கில் ஏறாதபடி முகத்தை மறுபக்கம் திருப்பி வையுங்கள். வாசனைப் பவுடரைப் பயன்படுத்தக் கூடாது. இதற்கு மசியாத அழுக்கை, வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முடி வளரும் திசையில் ஒற்றி எடுங்கள். சிறுநீர் இறுகிப் படிந்திருந்தால் மட்டுமே, 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆழ வெதுவெதுப்பான நீரில் அந்தப் பாதத்தைச் சில நிமிடங்கள் ஊறவிடுங்கள். சோப்பு வேண்டாம், அதில் மிஞ்சுவதை முயல் நக்கிவிடும்.

அதன்பின் உலர்ந்த துண்டால் ஒற்றி ஒற்றித் துடையுங்கள். தேய்த்தால் முடி உதிரும். முடியின் வேர் வரை ஈரம் போனதை விரலால் தொட்டு உறுதிசெய்த பிறகே முயலை இறக்கிவிடுங்கள். சடையை இழுத்துப் பிய்ப்பதோ, அடிப்பாத முடியைக் கத்தரிப்பதோ கூடாது. வெள்ளை முயலின் பாதத்தில் தங்கிவிடும் மஞ்சள் கறை பார்வைக்கு மட்டுமே குறை. தோல் உலர்ந்திருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

படி 5: நகங்களை வெட்டுங்கள்

முன்னங்காலுக்கு ஐந்து, பின்னங்காலுக்கு நான்கு என மொத்தம் 18 நகங்கள் உண்டு. நீண்ட நகம் விரல்களை மேலே தள்ளி எடையைக் குதிகாலுக்கு மாற்றுவதால், நகம் வெட்டுவதும் பாதப் பராமரிப்பின் ஒரு பகுதியே. பொதுவாக 4 முதல் 6 வாரங்களுக்கு ஒரு முறை வெட்டினால் போதும். நகத்துக்குள் இளஞ்சிவப்பாகத் தெரியும் ரத்த நாளத்துக்கு 2 மில்லிமீட்டர் முன்பாக வெட்டுங்கள். கருநகமாக இருந்தால் பின்னாலிருந்து கைவிளக்கைக் காட்டினால் நாளம் நிழலாகத் தெரியும். தவறி ரத்தம் வந்துவிட்டால், கார்ன்ஃப்ளோர் மாவை நுனியில் அப்பிச் சில நிமிடங்கள் அழுத்திப் பிடியுங்கள். எல்லாவற்றையும் ஒரே அமர்வில் முடிக்க வேண்டியதில்லை. இன்று ஒரு கால், நாளை ஒரு கால் என்று வெட்டினாலும் போதும்.

படி 6: மருத்துவரிடம் செல்ல வேண்டிய நேரம்

தோல் வெடித்திருந்தாலோ, சீழ், கசிவு, வீக்கம் தென்பட்டாலோ, முயல் நொண்டினாலோ காத்திருக்க வேண்டாம். ஆறாத பாதப்புண் தசைநாண் வரையும் எலும்பு வரையும் பரவக்கூடியது. அந்த நிலையில் குணப்படுத்துவது கடினம். வலியால் முயல் 12 மணி நேரம் எதுவும் தின்னாமல் இருந்தால், அதை அவசர நிலையாகவே கொள்ளுங்கள். வீட்டிலுள்ள, மனிதர்களுக்கான களிம்புகளைத் தடவாதீர்கள். முயல் அவற்றை நக்கும். அமாக்சிசிலின் போன்ற சில ஆன்டிபயாடிக் மருந்துகள் வாய்வழியே சென்றால், குடலில் வாழும் நல்ல கிருமிகளைச் சிதைத்து முயலைக் கொன்றுவிடும். கட்டுப்போடுவதையும் மருத்துவரிடமே விடுங்கள். இறுக்கமான கட்டு ரத்த ஓட்டத்தைத் தடுக்கும், தளர்ந்த கட்டை முயல் கடித்து விழுங்கும். மருத்துவரைப் பார்க்கச் செல்லும்போது பாதத்தின் படங்களோடு கூண்டின் தரை, கழிவுத் தட்டு ஆகியவற்றின் படங்களையும் எடுத்துச் செல்லுங்கள். புண்ணின் காரணத்தை அவற்றிலிருந்தே அவர் கண்டுபிடித்துவிடக்கூடும்.