ஐரிஷ் மொழிப் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில்: குற்றத்தை ஒப்புக்கொள்ளும் காட்சி கெடாமல் எழுதுவது எப்படி

ஐரிஷ் மொழிப் படம் பெரும்பாலும் ஆங்கில சப்டைட்டிலோடுதான் கைக்கு வரும். அதைப் பார்த்து அப்படியே தமிழாக்குவது எளிது. ஆனால் என்றோ மூடி மறைத்த குற்றம் திரும்பி வந்து குடும்பத்தை உலுக்கும் கதை என்றால் நஷ்டம் பெரிது. யார் செய்தார், யார் ஒப்புக்கொண்டார், யார் மழுப்பினார் என்பது ஐரிஷ் வாக்கிய அமைப்பிலேயே இருக்கும். ஆங்கில வரியில் அதில் பாதி உதிர்ந்துவிடும். ஆகவே வேலையைத் தொடங்கும் முன் விநியோகஸ்தரிடம் ஐரிஷ் வசனப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதில் நேரக்குறியும் பேசுபவர் பெயரும் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்து படத்திலேயே பதிந்திருந்தால் எழுத்தில்லாத பிரதியையும் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் தமிழ் வரியைத் திரையின் மேல்பக்கம் வைப்பதுதான் வழி.

முதலில் கேள்வி-பதில். ஐரிஷில் ஆம், இல்லை என்று பொதுவான சொல் கிடையாது. கேட்ட வினைச்சொல்லையே திருப்பிச் சொல்வார்கள். ஆங்கிலம் இதை ஒற்றை ‘யெஸ்’ ஆக்கிவிடும். அதைப் பார்த்து ‘ஆமா’ என்று போடாதீர்கள். “நீயா அவனக் கொன்ன?” என்றால் “கொன்னேன்” என்று வரட்டும். தமிழுக்கு இது இயல்பு, நடிகரின் வாயசைப்புக்கும் பொருந்தும்.

அடுத்து அழுத்தம். ஐரிஷில் ஒருவரைச் சுட்டிக்காட்ட அவரை வாக்கியத்தின் தொடக்கத்தில் கொண்டுவந்து வைப்பார்கள். ‘மிஷெ’ என்று வாக்கியம் தொடங்கினால் அது ‘நான்தான்’. ஆங்கில வரி வெறும் ‘நான் செய்தேன்’ என்று நின்றிருக்கும். இங்கே ‘தான்’ விட்டுப்போனால் ஒப்புதல் வாக்குமூலம் வெறும் தகவல் ஆகிவிடும்.

இதற்கு நேரெதிரானது செய்தவரையே சொல்லாத வினை வடிவம். ‘கொலை நடந்தது’ என்ற அளவில் நிற்கும், யார் என்று இராது. குற்றவாளிகள் ஒளிந்துகொள்ளும் இடம் இதுதான். ‘கொல்லப்பட்டான்’ பேச்சில் ஒட்டாது. ‘கொன்னுட்டாங்க’ இயல்பு என்றாலும் ஒரு கும்பலைச் சுட்டுவதுபோல் ஆகும். கதையில் அப்படி ஒரு கும்பல் இருந்தால் பார்வையாளர் தவறான ஆளைப் பிடித்துக்கொள்வார். ‘அவன் உயிர் போனது அங்கதான்’ போல வளைத்து எழுதுவது பாதுகாப்பானது.

சொல்வரிசையிலும் கவனம் வேண்டும். ஐரிஷில் வினை முன்னால் வரும், பலியானவர் பின்னால். தமிழில் தலைகீழ். நடிகர் “கொன்னேன்” என்று சொல்லி மூன்று விநாடி நிறுத்தி, பிறகு யாரை என்று சொல்கிறார் என்று வையுங்கள். “உன் தம்பிய நான் கொன்னேன்” என்று ஒரே வரியாகப் போட்டால் மௌனம் வீணாகிவிடும். இரண்டாகப் பிரியுங்கள்: முதலில் “கொன்னேன்”, இடைவெளி, பிறகு “உன் தம்பிய.” பேச்சுத் தமிழ் இதைத் தாங்கும்.

தம்பியா அண்ணனா என்பதையும் முன்பே தீர்க்க வேண்டும். ஐரிஷில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். மாமா, சித்தப்பா, பெரியப்பா விஷயமும் அப்படியே. அப்பா வழியா அம்மா வழியா என்பதே படத்தின் ரகசியமாக இருந்தால் உறவுச்சொல்லை விட்டுவிட்டுப் பெயரைச் சொல்லுங்கள். ஒருவரை மரியாதை பார்த்து நீ/நீங்க என்று பிரிப்பதும் ஐரிஷில் இல்லை. யார் யாரை எப்படிக் கூப்பிடுவார் என்று ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டே ஆரம்பியுங்கள். பாதியில் மாறினால் உறவு முறிந்ததுபோலத் தோன்றும்.

ஐரிஷில் ஒருவரைக் கூப்பிடும்போது பெயரின் ஒலியே மாறும்: ஷேமஸ், ‘அ ஹேமிஷ்’ ஆவார். வரியில் எப்போதும் ஷேமஸ்தான். ஐரிஷ் எழுத்துக்கூட்டலை நம்பாமல் காதால் கேட்டு எழுதுங்கள்.

அயர்லாந்தின் திருமணமாகாத தாய்மாரை அடைத்துவைத்த இல்லங்கள் கதையில் வந்தால் ‘தாய்-சேய் இல்லம்’ என்று பெயர்க்காதீர்கள். பிரசவ விடுதி என்று படும். ‘மணமாகாத தாய்மார் இல்லம்’ என்பது நீளம்தான், ஆனால் தெளிவு. பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்வது ‘பாவசங்கீர்த்தனம்’. போலீசிடம் தருவது ‘வாக்குமூலம்’. இரண்டையும் குழப்பக் கூடாது.

நேரம்: ஒரு சப்டைட்டில் அதிகபட்சம் 7 விநாடி, இரண்டு வரி, அடுத்ததற்கு முன் 2 ஃபிரேம் இடைவெளி. வரிக்கு 42 எழுத்து என்பது உச்சம். மென்பொருள் ‘கொ’வை ஒன்றாக எண்ணாமல் உயிர்க்குறியைத் தனியாக எண்ணும், அதனால் எண்ணைவிடத் திரையில் நிற்கும் அகலத்தைப் பாருங்கள்.

வசனம் ஆரம்பத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால் ஃபிரேம் வேகம்தான் காரணம். விநாடிக்கு 24 ஃபிரேமில் செய்த கோப்பை 25-இல் ஓடும் பிரதியோடு வைத்தால் 90 நிமிடப் படத்தின் முடிவில் 3 நிமிடம் 36 விநாடி பிசகும். ‘சப்டைட்டில் எடிட்’ மென்பொருளில் ஃபிரேம் வேகத்தை மாற்றினால் சரியாகும். முதலிலிருந்தே ஒரே அளவு தள்ளி வந்தால் மொத்தக் கோப்பையும் நகர்த்தினால் போதும். தமிழ் எழுத்தைத் தாங்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமித்து, கணினியில் மட்டுமல்ல, டிவியிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ‘கொ’, ‘கௌ’ உடைந்து தெரிந்தால் கோளாறு பெரும்பாலும் கோப்பில் அல்ல, அந்தக் கருவி தமிழ் எழுத்தைக் காட்டும் விதத்தில். அதற்கு வரியைப் படத்திலேயே பதித்துத் தர வேண்டியதுதான்.