ஏரி வற்றியதா, படம் ஏமாற்றியதா?

சிங்கப்பூரின் தெங்கே நீர்த்தேக்கத்தின் 2019ஆம் ஆண்டுச் செயற்கைக்கோள் படத்தையும் 2022 படத்தையும் ஒப்பிட்டுவிட்டு, நீர்ப்பரப்பு இவ்வளவு சுருங்கிவிட்டதே என்று பதறினேன். நீர் எங்கும் போகவில்லை. 2021 ஜூலையில் திறந்த மிதக்கும் சூரியசக்திப் பண்ணையின் 122,000 பலகைகள் ஏறத்தாழ 45 ஹெக்டர் நீருக்கு மேல் கிடக்கின்றன. கணினி அதை நிலம் என்று எண்ணிவிட்டது. தமிழ்நாட்டு ஏரிகளில் இந்த வேலையை ஆகாயத்தாமரை செய்யும். நீரைக் கண்டுபிடிக்கும் குறியீட்டைக் கணக்கிடுமுன் வண்ணப் படத்தைக் கண்ணால் ஒருமுறை பாருங்கள்.

அதே ஒப்பீட்டில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. நான் எடுத்தவை ஐரோப்பிய செயற்கைக்கோளான சென்டினல்-2இன் படங்கள். அவற்றின் செயலாக்க முறை 2022 ஜனவரி 25இல் மாறியது. அன்றுமுதல் எல்லா பிக்சல் மதிப்புகளிலும் 1000 கூடியிருக்கும். நீர்க் குறியீடு என்பது பச்சை ஒளியின் பிக்சல் மதிப்பிலிருந்து அண்மை அகச்சிவப்பின் மதிப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது. பச்சை 500, அகச்சிவப்பு 200 என்றால் 0.43 வரும். ஆயிரத்தைக் கழிக்க மறந்து 1500, 1200 என்று போட்டால் வெறும் 0.11. 0.2க்கு மேல்தான் நீர் என்று வைத்திருந்தால் ஏரியே காணாமல் போகும்! படங்களைத் தரும் சில இணையதளங்கள் இதைத் தாமே சரிசெய்து தருகின்றன. அங்கே மறுபடியும் கழித்தால் அதுவும் தப்பு.

அப்புறம் மேகம். நம் ஊரில் மேகமில்லாத படம் கிடைப்பதே அதிர்ஷ்டம். மேகத்தை நீக்கிவிட்டு அதன் நிழலை விட்டுவிடுவார்கள். இருண்ட நிழல் நீராகப் பதிவாகும். மரினா பே கோபுரங்களின் நிழலும் அப்படித்தான். சரி, மேகத்தை ஊடுருவும் ரேடாருக்குப் போகலாம் என்றால், காற்றில் சலசலக்கும் நீர் அதில் நிலம்போல வெளுக்கும், வழவழப்பான விமான ஓடுபாதை நீர்போலக் கறுக்கும்.

வீராணத்தின் டிசம்பர் படத்தை மே மாதப் படத்தோடு ஒப்பிடக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம். ஆனாலும் வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் அதுதான்.

பரப்பு பாதியானால் நீரும் பாதி என்று எழுதுவது என்னை அதிகம் எரிச்சலூட்டும் தவறு. மலேசியாவில் ஜொகூரின் லிங்கியு நீர்த்தேக்கம் 2016 அக்டோபரில் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. அது கொள்ளளவுக் கணக்கு. ஆழ விவரம் இல்லாமல் மேலிருந்து எடுத்த படத்தை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. செங்குத்தான கரையுள்ள தேக்கத்தில் ஒரு மீட்டர் இறங்கினாலும் ஒரு பிக்சலுக்கு 10 மீட்டர் அகலமுள்ள படத்தில் ஒன்றும் தெரியாது. தட்டையான ஊர் ஏரியிலோ முழங்கால் அளவு இறங்கினாலே கரை வெகுதூரம் உள்ளே போய்விடும்.