சீனாவின் சிறிய நகரம் ஒன்றை மதிப்பிடுவது எப்படி?

சீன நகர வளர்ச்சி என்றதும் சிங்கப்பூரில் நமக்கு 1994இல் தொடங்கிய சுசோ தொழிற்பூங்காவும், 2008இல் பணி தொடங்கிய தியன்ஜின் சுற்றுச்சூழல் நகரமும்தான் நினைவுக்கு வரும். அவை இரு அரசாங்கங்களின் துணையோடு எழுந்தவை. கிளை அலுவலகம் அமைக்கவோ கொள்முதலுக்கோ உங்கள் நிறுவனம் உங்களை அனுப்பும் சீன உட்பகுதிச் சிறு நகரத்தை அந்த அளவுகோலால் அளக்கலாகாது.

முதலில் எல்லையைப் பாருங்கள். ஜியாங்சி மாநிலத்தின் கான்சோ நகரம் ஏறத்தாழ 39,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது, அதாவது சிங்கப்பூரைப் போல் 50 மடங்குக்கும் மேல். வயல்களும் மலைகளும் அதற்குள் அடங்கும். 2020 கணக்கெடுப்பில் அங்கிருந்த ஏறத்தாழ 9 மில்லியன் பேரையும் நகரவாசிகளாகக் கருதிச் சந்தையைக் கணித்தால் திட்டமே தவறிவிடும். ஆகவே நகர்ப்புற வட்டாரங்களின் மக்கள்தொகையைத் தனியே எடுத்து, 2010ஆம் ஆண்டு எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, அது கூடியதா குறைந்ததா என்று பாருங்கள்.

சுரங்க ரயில் வரவிருப்பதாக வீட்டு முகவர் சொன்னால், 2018இல் சீன மத்திய அரசு விதித்த வரம்புகளைக் கொண்டு சரிபாருங்கள். மொத்த உற்பத்தி 300 பில்லியன் யுவான், பொது வரவு 30 பில்லியன் யுவான், நகர்ப்புற மக்கள்தொகை 3 மில்லியன் என்ற மூன்றில் ஒன்றை எட்டாவிட்டாலும் ஒரு நகரம் புதிதாகச் சுரங்க ரயிலுக்கு விண்ணப்பிக்க இயலாது. அதற்கு முந்தைய ஆண்டே பாவ்தோ நகரில் தொடங்கிய பணி நிறுத்தப்பட்டது. அதிவேக ரயில் நிலையமோ பல ஊர்களில் பழைய நகருக்கு வெகு தொலைவில் இருக்கும். அதைச் சுற்றி எழும் புதுநகரில் அடுக்குமாடிகளை எண்ணுவதைவிட, ஊரின் பெயர்பெற்ற பள்ளியும் மருத்துவமனையும் அங்கே இடம்பெயர்ந்தனவா என்று விசாரிப்பதே மேல்.

அடுத்தது பணம், என் கணிப்பில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுவே. நகர நிலம் அரசுடைமை என்பதால், வீடுகளுக்கு 70 ஆண்டு என்ற கணக்கில் பயன்பாட்டுரிமையை விற்றுத்தான் உள்ளூர் அரசுகள் சாலையும் பாலமும் கட்டிவந்தன. அவற்றின் நிதி நிறுவனங்கள் கடனும் வாங்கின. நிலம் விற்காதபோது கட்டுமானமும் நின்றுவிடும். ஹெய்லோங்ஜியாங் மாநிலத்தின் ஹெகாங் என்ற நிலக்கரி நகரம், 2021 இறுதியில் நிதிச் சீரமைப்பைக் காரணம் காட்டி அரசுப் பணிக்கான ஆள்சேர்ப்பை நிறுத்தியது. எனவே நகரின் ஆண்டு வரவுசெலவு அறிக்கையில் வரி வருவாயையும் நில வருவாயையும் அருகருகே வைத்து, மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் படியுங்கள்.

கடைசியாக வடிகால். கான்சோவின் பழைய பகுதியில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய சோங் அரசமரபுக் காலத்து நிலத்தடி வடிகால் இன்றும் நீரை வெளியேற்றுகிறது. புதிய பகுதிகளெல்லாம் அவ்வளவு கவனத்தோடு கட்டப்பட்டவை என்று எண்ண வேண்டாம். கிடங்குக்கு ஒப்பந்தமிடுமுன், கோடை மழையில் எந்தத் தெருவில் நீர் தேங்குகிறது என்று அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களிடம் கேளுங்கள்.