பழைய சம்பள விவரங்களை எஸ்ஏபி மென்பொருளில் ஏற்றும் முறை

மனிதவள மென்பொருள் ஆலோசகராகச் சேர்பவருக்கு முதலில் கிடைக்கும் வேலை பெரும்பாலும் இதுதான்: பழைய மென்பொருளில் உள்ள பணியாளர் விவரங்களைப் புதியதில் ஏற்ற வேண்டும். எஸ்ஏபியின் மனிதவள மென்பொருளான எச்சிஎம்மில் இதைச் செய்தபோது, ஏற்றிய அனைத்தையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றவேண்டிய நிலை எனக்கு ஒருமுறை வந்தது. அது உங்களுக்கு வரக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். பிஏ30, பிஏ40 திரைகளில் ஒருவரையாவது கையால் சேர்த்துப் பார்த்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: எதற்குப் பின் எது

பணியாளர் விவரங்களை எஸ்ஏபி வகைவகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து வைத்திருக்கிறது. அந்த வகையின் பெயர்தான் இன்ஃபோடைப். பணிச்சேர்க்கையைப் பதியும் இன்ஃபோடைப் 0000 முதலில். பிறகு 0001 (பதவி, பிரிவு), 0002 (சொந்த விவரம்), 0007 (வேலை நேரம்), 0008 (அடிப்படைச் சம்பளம்), 0009 (வங்கி). 0008-க்கு முன் 0007 இருந்தே ஆக வேண்டும். பகுதிநேரப் பணியாளரின் வேலை அளவைச் சம்பளத் திரை அங்கிருந்துதான் எடுத்துக்கொள்கிறது.

படி 2: எக்செல் கோப்பு

சிஎஸ்வி கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறக்காதீர்கள். முன்னால் உள்ள பூஜ்யங்கள் காணாமல் போகும். 15 இலக்கங்களுக்கு மேல் உள்ள வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும். தரவு இறக்குமதி வழியாகத் திறந்து, எல்லா நெடுவரிசைகளையும் உரை வடிவத்தில் வையுங்கள்.

படி 3: தேதிகள்

இங்கேதான் நிதானம் தேவை. எஸ்ஏபியில் ஒவ்வொரு பதிவுக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டும் உண்டு. திரைக்குப் பின்னால் உள்ள அட்டவணைகளில் இவை பெக்டா, எண்டா என்று இருக்கும். ஜெர்மன் சொற்களின் சுருக்கம். இன்றுவரை நடப்பில் உள்ள பதிவின் எண்டா 31.12.9999.

ஒரே காலத்தில் எத்தனை பதிவுகள் இருக்கலாம் என்பதற்கும் விதி உண்டு. அதன் பெயர் டைம் கன்ஸ்ட்ரெயின்ட். அது 1 என்றால் எப்போதும் ஒன்று இருக்க வேண்டும், இடைவெளி கூடாது. 0001, 0002 இப்படித்தான். 2 என்றால் ஒன்றுக்கு மேல் கூடாது, இடைவெளி இருக்கலாம். 0021-இல் வாழ்க்கைத்துணையின் பதிவு இதற்கு உதாரணம். 3 என்றால் எத்தனையும் இருக்கலாம். 0022-இல் பதியும் படிப்புகள் போல.

ஒரு பணியாளரின் அடிப்படைச் சம்பளம் 01.01.2015 முதல் 20,000, 01.01.2018 முதல் 26,000, 01.01.2021 முதல் 34,000 என்று வைத்துக்கொள்வோம். எனக்கு வந்த கோப்பில் புதியது மேலே, பழையது கீழே. மூன்றுக்கும் எண்டா 31.12.9999. முதலில் 34,000 ஏறியது. அடுத்து 2018-இன் பதிவு 9999 வரை என்று வந்ததும், ஒரே காலத்தில் ஒரு அடிப்படைச் சம்பளம்தான் இருக்கலாம் என்பதால் மென்பொருள் 2021-இன் பதிவை நீக்கிவிட்டது. 2015-இன் பதிவு வந்து 2018-ஐயும் நீக்கியது. கையால் செய்திருந்தால் திரை எச்சரித்திருக்கும். தொகுப்பாக ஏற்றும்போது எச்சரிக்கையைத் தாண்டும்படி நானே அமைத்திருந்தேன். பிழைப் பட்டியல் காலி. எல்லாம் சரி என்று நம்பினேன். சோதனைச் சம்பளப் பட்டியலில் அத்தனை பேரும் சேர்ந்த நாளின் சம்பளத்துக்குத் திரும்பியிருந்தார்கள். அது உண்மையான மாதமாக இருந்திருந்தால் எத்தனை வீடுகள் தவித்திருக்கும் என்று நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

செய்யவேண்டியவை இரண்டு. பணியாளர் எண், பிறகு பெக்டா என்ற வரிசையில் பழையது முதலில் வரும்படி அடுக்குங்கள். ஒவ்வொரு பதிவின் எண்டாவையும் அடுத்த பதிவின் பெக்டாவுக்கு முந்தைய நாளாக நிரப்புங்கள். கடைசிப் பதிவுக்கு மட்டும் 9999. ஒன்று போதுமே என்று தோன்றும். இரண்டையும் செய்யுங்கள்.

படி 4: ஏற்றுதல்

தரவை ஏற்றுவதற்கான எல்எஸ்எம்டபிள்யூ கருவியில் கோப்பை இணைத்து, எஸ்எம்35 என்ற திரையில் தொகுப்பாக ஓட்டுவதே எனக்குப் பிடித்த வழி. தவறிய பதிவுகள் அங்கேயே தங்கும். ஒவ்வொன்றாகத் திரையில் பார்த்துத் திருத்தலாம். அட்டவணையில் நேரடியாக எழுதும் நிரலைத் தயவுசெய்து நாடாதீர்கள். திரை செய்யும் சரிபார்ப்புகள் எதுவும் அதில் நடக்காது. முதலில் பத்துப் பேரை மட்டும் ஏற்றுங்கள். அந்தப் பத்தில் பகுதிநேரப் பணியாளர், வேலையை விட்டுத் திரும்பி வந்தவர், இடமாற்றம் பெற்றவர் ஆகியோர் கட்டாயம் இருக்கட்டும்.

படி 5: சரிபார்ப்பு

பிழைப் பட்டியல் காலியாக இருப்பதைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். அட்டவணைகளைக் காட்டும் எஸ்இ16 திரையில், 0008-இன் பதிவுகள் உள்ள பிஏ0008 அட்டவணையை இறக்கி, ஒவ்வொருவருக்கும் எத்தனை பதிவுகள் உள்ளன என்று எண்ணி, மூலக் கோப்போடு ஒப்பிடுங்கள். இந்த ஓர் எண்ணிக்கையைப் பார்த்திருந்தால் என் தவறு ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்த இருவர், முதல் மாதச் சம்பளத்தை ஓட்டியதும் மென்பொருள் பல ஆண்டுகள் பின்னோக்கிக் கணக்கிட முயல்கிறது என்று எழுதியிருந்தார்கள். பழைய தேதியில் சம்பளப் பதிவு இருந்தால் அது அப்படித்தான் செய்யும். சம்பள ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் பிஏ03 திரையில், பின்னோக்கிக் கணக்கிட அனுமதிக்கும் முதல் மாதமாக, புதிய மென்பொருள் தொடங்கும் மாதத்தைக் குறிப்பிடுங்கள். முதல் ஓட்டத்துக்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.