ப்ராசசருக்கு ஸ்பீக்கர் வாங்கப் போகிறீர்களா? வாட்ஸைக் கடைசியாகப் பாருங்கள்

ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப், ஜிடி-1000, வேலட்டன், மூவர் என்று ஏதோ ஒரு கிட்டார் ப்ராசசர், அதாவது எஃபெக்டையும் ஆம்ப் டோனையும் டிஜிட்டலாகத் தரும் கருவி, வாங்கிவிட்டீர்கள். ஹெட்போனில் டோன் அள்ளுகிறது. அதே பேட்சை (சேமித்து வைத்த டோன் செட்டிங்கை) ரிகர்சல் ரூமில் கிடக்கும் பழைய கிட்டார் ஆம்ப்பின் முன்பக்க இன்புட்டில் செருகினால் எல்லாம் அடைத்துக்கொண்டு மந்தமாகக் கேட்கிறது. குறை ப்ராசசரிடம் இல்லை. கிட்டார் ஆம்ப்பில் இருக்கும் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சத்தத்தை மளமளவென்று குறைத்துவிடும், டிஸ்டார்ஷன் காதைக் கிழிக்காமல் இருப்பதே அதனால்தான். உங்கள் பேட்சில் இருக்கும் கேப் அல்லது ஐஆர், அதாவது கிட்டார் ஸ்பீக்கர் பெட்டியின் குரலை நகலெடுக்கும் பகுதி, அந்த வேலையை ஏற்கெனவே செய்து முடித்துவிட்டது. மீன் குழம்புக்கு அம்மா ஒரு தடவை, அக்கா ஒரு தடவை உப்பு போட்ட கதைதான்.

இதற்கு வழி இரண்டு. ஆம்ப்பின் பின்னால் எஃப்எக்ஸ் ரிட்டர்ன் (ஆம்ப்பின் டோன் பகுதியைத் தாண்டி நேராகப் பவர் பகுதிக்குப் போகும் இன்புட்) இருந்தால் அதில் செருகி, பேட்சில் கேப்பை ஆஃப் செய்துவிடலாம். செலவில்லாத வழி, நன்றாகவும் இருக்கும், ஆனால் எந்த பேட்ச் போட்டாலும் அந்த ஒரு ஸ்பீக்கரின் குரல்தான் வரும். ஒரு பாட்டுக்கு கிரீன்பேக், அடுத்த பாட்டுக்கு விண்டேஜ் 30 என்று கிட்டார் ஸ்பீக்கரின் குரலை மாற்ற வேண்டும், மிக்சருக்குப் போகிற அதே டோன் மேடையிலும் கேட்க வேண்டும் என்றால் ஃபுல் ரேஞ்ச் ஆக்டிவ் (பவர் ஆம்ப் உள்ளேயே இருக்கும்) ஸ்பீக்கர்தான். கிட்டார் கடைகளில் இதையே எஃப்ஆர்எஃப்ஆர் என்பார்கள். மேலே கீழே எதையும் வெட்டாமல், தன் பங்குக்கு எதையும் சேர்க்காமல் கொடுப்பதைக் கேட்கவைக்கும் பெட்டி. ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ எந்த சவுண்ட் சர்வீஸ்காரரைக் கேட்டாலும், "அட, நம்ம ஆக்டிவ் பாக்ஸ் தாம்பா" என்று சிரிப்பார். அவர் சொல்வது முக்கால்வாசி சரி.

முதலில், வீட்டில் மட்டும் வாசிப்பவர் என்றால் இதை வாங்காதீர்கள். வண்ணாரப்பேட்டையில் சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் 12 இன்ச் பெட்டியை அதன் அளவுக்குத் திறந்தால் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டுவார், திறக்காமல் வைத்திருந்தால் வாங்கியதற்கே அர்த்தமில்லை. 5 இன்ச் ஸ்டுடியோ மானிட்டர் ஒரு ஜோடி, அல்லது நல்ல ஹெட்போன் போதும்.

மேடைக்குப் போகிறவர்களுக்குக் கதை வேறு. நம்ம ஏரியாவில் தெருமுனை மேடை, கோயில் திருவிழா, சர்ச் விழா, கல்யாண வரவேற்பு என்று எங்கே போனாலும் மக்களைப் பார்த்து ஆளுயர பாக்ஸ் அடுக்கியிருப்பார்கள், மேடையில் இருப்பவர்களுக்கு மானிட்டர் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், அதுவும் பாடகர் காலடியில். கானா செட் என்றால் சட்டியும் டோலக்கும் பக்கத்திலேயே வெடிக்கும், உங்கள் கிட்டார் உங்களுக்கே கேட்காது. ஆகவே இங்கே நீங்கள் தேடுவது உங்களுக்கான மானிட்டர். ஊருக்குக் கேட்கவைப்பது சவுண்ட் சர்வீஸின் பொறுப்பு, அந்த வேலைக்கும் சேர்த்துப் பெட்டி வாங்கினால் முதுகும் போகும், காசும் போகும்.

இப்போது வாட்ஸ். ஹெட்ரஷ் எஃப்ஆர்எஃப்ஆர்-108 என்ற 8 இன்ச் பெட்டியில் 2000 வாட்ஸ் என்று போட்டிருக்கும். யமஹா டிபிஆர்10-இல் 700 வாட்ஸ். அப்படியானால் ஹெட்ரஷ் மூன்று மடங்கு சத்தமா? இல்லவே இல்லை. முதலாவது, இவையெல்லாம் பீக் கணக்கு, கண நேரத்துக்குத் தாங்குகிற உச்சம். அதே டிபிஆர்10 தொடர்ந்து கொடுக்கக்கூடியது 325 வாட்ஸ்தான் என்று யமஹாவே எழுதியிருக்கிறது. இரண்டாவது, வாட்ஸ் இரட்டிப்பானால் ஏறுவது 3 டெசிபல்தான், காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றச் சுமார் 10 டெசிபல் ஏற வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். 700-க்கும் 2000-க்கும் நடுவில் 5 டெசிபல்கூட இல்லை. ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி (ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்பது) நன்றாக இருந்தால் குறைந்த வாட்ஸ் பெட்டியே முந்திவிடும்.

அதனால் மேக்ஸ் எஸ்பிஎல், அதாவது பெட்டி தரக்கூடிய உச்ச சத்தம், என்ற எண்ணைப் பாருங்கள். டிபிஆர்10-க்கு 129 டெசிபல், க்யூஎஸ்சி கே10.2-க்கு 130. இதுவும் உச்சக் கணக்குதான், ஒரு மீட்டரில் வைத்துச் சொல்வது, திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் குறைந்துகொண்டே போகும். டிரம்ஸ் பக்கத்தில் நின்று வாசிக்கிறவர் 125-க்குக் கீழே போகாமல் இருந்தால் நல்லது என்பது என் கணக்கு. பெட்டி திணறாமல் இருக்க வேண்டும், லிமிட்டர் (உச்சத்தை அடக்கும் சர்க்யூட்) லைட் சிமிட்டத் தொடங்கினால் உங்கள் பிக் அட்டாக், அதாவது தந்தியைத் தட்டும் அந்த முதல் துடிப்பு, செத்துவிடும்.

சைஸ் விஷயத்தில் 12 இன்ச்தான் ஒசத்தி என்ற பேச்சு இன்னும் ஓடுகிறது. கிட்டாரின் தடித்த ஈ தந்தி 82 ஹெர்ட்ஸ். ஒரு நல்ல 10 இன்ச் அதைச் சுலபமாகக் கொடுத்துவிடும். இன்னொன்றும் இருக்கிறது. இந்த வகைப் பெட்டிகளில் பெரும்பாலும் 2 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் ஊஃபர் (பெரிய ஸ்பீக்கர்) தன் வேலையை ஹார்னிடம் (ஹை தரும் பகுதியிடம்) ஒப்படைக்கும், ஊஃபர் பெரிதாக ஆக அந்த இடத்துக்கு வருவதற்குள்ளேயே அதன் சத்தம் நேர் கோட்டில் குவியத் தொடங்கிவிடும், பக்கவாட்டில் நிற்பவருக்கு மிட் பள்ளமாகக் கேட்கும். கிட்டாரின் உயிரே அந்த மிட்தான். மேடையில் நாம் பெட்டிக்கு நேராக நிற்கிறோமா என்ன, ஒரு பக்கம் ஒதுங்கித்தான் நிற்கிறோம். அதனால் கிட்டாருக்கு மட்டும் என்றால் என் ஓட்டு 10 இன்ச்சுக்கு. பேஸ் கிட்டாரும் இதில்தான் போகும் என்றால் 12-க்குப் போங்கள், அங்கே கீழ்த் தந்தி 41 ஹெர்ட்ஸ்.

கிட்டாருக்கென்றே செய்த பெட்டியா, சவுண்ட் சர்வீஸ்காரர் வைக்கும் பொதுவான பிஏ பெட்டியா? ஃபெண்டர் டோன் மாஸ்டர் எஃப்ஆர்-12, லைன் 6 பவர்கேப், லேனி எல்எஃப்ஆர்-112 எல்லாம் பார்க்க ஆம்ப் மாதிரியே இருக்கும், பின்னால் ஆம்ப் இருந்தால்தான் வாசிக்க மனசு வருகிறது என்பவருக்கு அதுவும் ஒரு நியாயம்தான். பவர்கேப்பில் விதவிதமான கிட்டார் ஸ்பீக்கர்களின் குரலையே கொண்டுவரும் வசதியும் உண்டு. ஆனால் கிட்டார் இல்லாத நாளில் கீபோர்டுக்கோ மைக்குக்கோ கொடுக்க, மானிட்டராகச் சாய்த்துப் போட, ஸ்டாண்டில் ஏற்ற, அவசரத்துக்கு நாலு நாள் வாடகைக்கு விட, அப்புறம் விற்கும்போது வாங்க ஆள் கிடைக்க, பிஏ பெட்டிதான் நம்ம ஊருக்குத் தோது.

கடையில் கேட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம். உங்கள் கிட்டார், உங்கள் ப்ராசசர், உங்கள் கேபிள் மூன்றையும் எடுத்துப் போங்கள், கடைக்காரர் போடும் பாட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். பெட்டியின் பின்னால் இருக்கும் ஈக்யூ, பேஸ் பூஸ்ட், டிஜே மோட் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லுங்கள், யமஹாவில் டி-கான்டூர் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதுவும் ஆஃப். ஒரு க்ளீன் பேட்ச், ஒரு க்ரஞ்ச், ஒரு ஹை கெயின் போதும். இரண்டு பெட்டிகளை ஒப்பிட்டால் சத்தத்தைச் சமமாக வைத்த பிறகே ஒப்பிடுங்கள், கொஞ்சம் சத்தமாக இருப்பது எப்போதுமே நல்லதாகத் தோன்றி ஏமாற்றும். பாம் மியூட் (உள்ளங்கையால் தந்தியை அடக்கி) அடித்தால் கீழே தனித்தனியாகக் கேட்கிறதா, குழம்புகிறதா? முழு கார்டில் ஆறு தந்தியும் பிரிந்து வருகிறதா? வாசித்துக்கொண்டே பெட்டியின் ஓரத்துக்கு நடந்து போங்கள், டோன் திடீரென்று மாறினால் அது வேண்டாம். கடைசியில் வாசிப்பை நிறுத்திவிட்டு ஹிஸ், ஃபேன் சத்தம் கேளுங்கள், சர்ச்சில் ஜெப நேரத்து அமைதியில் அது நன்றாகவே கேட்கும்.

சத்தமாக வைத்துத்தான் கேட்க வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. காது குறைந்த சத்தத்தில் பேஸையும் ட்ரெபிளையும் குறைவாகவே எடுத்துக்கொள்ளும், 1933-இல் பெல் லேப்ஸில் ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து வெளியிட்டார்கள். ராத்திரி வீட்டில் மெதுவாக வைத்து, பேஸ் போதவில்லை, ஷைன் போதவில்லை என்று ஏற்றி ஏற்றிச் செய்த பேட்ச் மேடையில் கும்மென்று இரைந்து காதைக் குத்துவது இதனால்தான். உடனே ஸ்பீக்கரைத் திட்டுவார்கள். பேட்சின் கடைசியில் ஒரு ஈக்யூ போட்டு 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் லோ கட், 6 முதல் 8 கிலோஹெர்ட்ஸுக்குள் ஹை கட் வைத்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும். மீதியை ரிகர்சலில், பேண்ட் முழுவதும் வாசிக்கும்போது சரிசெய்யுங்கள். பெட்டியைத் தரையில் போட்டால் பேஸ் இன்னும் ஏறும், மூலையில் தள்ளினால் சொல்லவே வேண்டாம்.

கனெக்‌ஷனில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஸ்பீக்கர் இன்புட்டில் மைக், லைன் ஸ்விட்ச் இருந்தால் லைனில் வையுங்கள். தூரம் அதிகம் என்றால் எக்ஸ்எல்ஆர் கேபிள். ஒரே பெட்டிதான் என்றால் ப்ராசசரின் லெஃப்ட்/மோனோ அவுட்டில் மட்டும் செருகுங்கள், இல்லாவிட்டால் ஸ்டீரியோ டிலேயில் பாதி காணாமல் போகும். மிக்சருக்கு ஒரு லைன், உங்கள் பெட்டிக்கு ஒரு லைன் என்று பிரித்துக் கொடுங்கள். ஹீலிக்ஸ் ப்ராசசரில் பெரிய வால்யூம் நாபைக் கால் இன்ச் அவுட்டுக்கு மட்டும் என்று செட்டிங்கில் மாற்றிவிட்டு, மிக்சருக்கு எக்ஸ்எல்ஆர் கொடுத்தால் மேடையில் எவ்வளவு ஏற்றி இறக்கினாலும் வெளியே மாறாது. "அண்ணே, லெவல் மாறாது, ஒரு தடவை செட் பண்ணா போதும்" என்று மிக்சரில் இருப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அந்த ஒரு வார்த்தைக்கே உங்களைப் பிடித்துவிடும்.

பந்தலில் ஜெனரேட்டர் கரண்டில், எர்த் சரியில்லாத இடத்தில் ம்ம்ம் என்று ஹம் வரும். ப்ராசசரையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் போடுங்கள், மிக்சருக்குப் போகும் லைனில் கிரவுண்ட் லிஃப்ட் (அந்த லைனின் கிரவுண்டை மட்டும் துண்டிக்கும்) ஸ்விட்சைத் தட்டிப் பாருங்கள். எர்த் பின்னை உடைத்துவிட்டு வாசிக்கச் சொல்லும் ஆட்கள் உண்டு, தயவுசெய்து கேட்காதீர்கள், தந்தியைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டால் உயிர்ப் பிரச்சினை.

எடையையும் வாங்கும் முன்பே யோசியுங்கள். டிபிஆர்10 பத்தரைக் கிலோ, ஸ்கூட்டியின் முன்னால் வைத்துக்கூடப் போகலாம். கே10.2 பதினாலரைக் கிலோ, கிட்டார் பேகை முதுகில் மாட்டிக்கொண்டு அதையும் குறுகலான மாடிப்படியில் ஏற்றிப் பாருங்கள், தெரியும்.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கடலோரமாகக் குடியிருந்தால் உப்புக்காற்று கிரில்லையும் ஜாக்கையும் தின்றுவிடும், கவர் இல்லாமல் வைக்காதீர்கள். செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்களும் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். ஸ்க்ரூ துருப்பிடித்திருந்தால் உள்ளேயும் நிலைமை அதேதான். ஜாக்கை ஆட்டிப் பாருங்கள், கரகரவென்றால் பேரம் பேசுங்கள். அப்புறம் ஹார்னில் காதை வைத்து ஹை வருகிறதா என்று கேளுங்கள், திருவிழாவில் அடிபட்ட பெட்டியில் முதலில் போவது அதுதான். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்தது என்றால் பின்னால் வோல்டேஜ் எவ்வளவு என்று போட்டிருப்பதைப் படித்து, செலக்டர் இருந்தால் அது 230-இல் நிற்கிறதா என்று பார்த்த பிறகு ப்ளக்கைச் செருகுங்கள்.