நிலநடுக்கக் காப்பீடு: கணக்கு எங்கெல்லாம் தப்புகிறது?

அபாயம் அதிகமுள்ள இடத்தில் காப்பீடு வாங்குபவர்களும் அதிகம் இருப்பார்கள் என்றுதான் நினைப்போம். ஆனால் கலிஃபோர்னியாவில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது வீடுகளுக்கு நிலநடுக்கக் காப்பீடு கிடையாது. விலை ஒரு காரணம்தான். இன்னொரு காரணம், காலடியில் இருக்கும் மண்ணைப் பார்க்காமல் நினைவை வைத்து முடிவெடுப்பது.

1994 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே நார்த்ரிட்ஜில் 6.7 அளவு நிலநடுக்கம் வந்தது. அதையடுத்துக் காப்பீடு எடுத்தவர்கள் பலர். வருடங்கள் ஓட ஓட, அந்த எண்ணிக்கை சரிந்தது. பல வருடம் பிரீமியம் கட்டியும் ஒன்றும் நடக்கவில்லை, பணம் வீண் என்று பாலிசியை விட்டுவிடுகிறார்கள். பூமிக்கடியில் இருக்கும் பிளவு அப்படியேதான் இருக்கிறது, மறந்தது நாம்தான். பெரிய நடுக்கம் வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பதும் சரிப்படாது. அந்த நேரத்தில் நிறுவனங்கள் புது பாலிசி விற்பதையே கொஞ்ச நாள் நிறுத்திவைப்பதுண்டு.

ஒரு வருடத்தை மட்டும் வைத்து அபாயத்தை அளப்பது அடுத்த தவறு. வருடத்துக்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்றால் யாரும் அசைய மாட்டார்கள். அதே வீட்டில் 30 வருடம் குடியிருந்தால் அது கிட்டத்தட்ட நாலில் ஒரு வாய்ப்பு. வீட்டுக் கடன் எத்தனை வருடமோ, அத்தனை வருடத்துக்குக் கணக்குப் போடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் எடுக்கவில்லையே என்று விடுவதும் நிறைய நடக்கிறது. 1989 லோமா பிரீட்டா நிலநடுக்கத்தின் மையம் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. ஆனாலும் அந்நகரின் மரீனா பகுதியில் வீடுகள் சரிந்தன. நீர்நிலையை மண் கொட்டி நிரப்பிய இடம் அது. குலுக்கலில் அந்த மண் குழம்பிப்போனது. ஆகவே பக்கத்து வீட்டைப் பார்க்காமல், முதலில் உங்கள் மனையின் மண்ணை விசாரியுங்கள்.

அதிகம் பேர் தடுமாறுவது டிடக்டிபிளில்தான், அதாவது சேதத்தில் வீட்டுக்காரரே ஏற்க வேண்டிய முதல் பங்கில். 5,00,000 டாலருக்குக் காப்பீடு செய்த வீடு, டிடக்டிபிள் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் 75,000 டாலர் உங்களுடையது. சேதம் 60,000 டாலர் என்றால் கையில் ஒன்றும் வராது. இதைக் கேட்டதும், அப்புறம் எதற்கு இந்தப் பாலிசி என்று எழுந்துவிடுகிறார்கள். சுவர் விரிசலுக்காக எடுப்பதல்ல இது. அஸ்திவாரமே நகர்ந்து 3,00,000 டாலர் செலவு வந்தால், 2,25,000 டாலர் கிடைக்கும். அந்தத் தொகையை உங்களால் திரட்ட முடியுமா என்பதே கேள்வி. 75,000 டாலரையே திரட்ட முடியாது என்றால், பிரீமியம் கூடினாலும் டிடக்டிபிள் குறைவான பாலிசியைக் கேளுங்கள்.

சாதாரண வீட்டுக் காப்பீட்டிலேயே எல்லாம் அடங்கும் என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. கலிஃபோர்னியாவில் அது குலுக்கலால் வரும் சேதத்துக்குப் பணம் தராது, ஆனால் நடுக்கத்தைத் தொடர்ந்து தீப்பிடித்தால் தரும். ஜப்பானில் நடுக்கத்தால் பிடித்த தீக்கும் சாதாரணத் தீ காப்பீடு உதவாது. நிலநடுக்கக் காப்பீட்டைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். அதையும் தீ காப்பீட்டுத் தொகையில் 30 முதல் 50 சதவீதம் வரைதான் எடுக்க முடியும். அங்கே தீ காப்பீட்டுப் படிவத்தில், நிலநடுக்கக் காப்பீடு வேண்டாம் என்பவர்தான் தனியாக ஒப்புதல் இட வேண்டும். இப்போது புதிதாக எடுக்கப்படும் தீ காப்பீடுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் நிலநடுக்கமும் சேர்ந்தே வருகிறது. கேட்கும் விதமே முடிவை எவ்வளவு மாற்றிவிடுகிறது!

அரசு பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் மத்திய அரசு தரும் பேரிடர் உதவிக்கு உச்சவரம்பு உண்டு. இடிந்த வீட்டைத் திரும்பக் கட்ட அது போதாது. வீட்டுக் கடனோ இடிந்த பிறகும் தொடரும்.

கடைசியாக, வீட்டைப் பலப்படுத்துவதா, காப்பீடு எடுப்பதா என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. பழைய மரச்சட்ட வீட்டை அஸ்திவாரத்தோடு போல்ட் போட்டு இறுக்கினால் சேதம் குறையும். அம்மாநிலத்தில் நிலநடுக்கக் காப்பீடு வழங்கும் கலிஃபோர்னியா நிலநடுக்க ஆணையம் அப்படிப்பட்ட வீடுகளுக்குப் பிரீமியத்தில் 25 சதவீதம் வரை தள்ளுபடி தருகிறது. விலை கேட்கும்போதே இதையும் கேட்டுவிடுங்கள்.