டிராக் பக்கிக்கு ஆட்டோ கியர்பாக்ஸ்: எங்கே தவறு நடக்கிறது?

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ டிராக் வண்டி, அதாவது நேர்கோட்டுப் பந்தய வண்டி, கட்டுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதல் கேள்வி ஒரே மாதிரிதான் வரும்: "அண்ணா, 900 குதிரை வருது, எந்த பாக்ஸ் தாங்கும்?" கேள்வியே பாதிதான். வண்டி எத்தனை கிலோ, பின்னால் என்ன டயர், எந்த ஊரில் ஓட்டப் போகிறீர்கள் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

பக்கி, அதாவது பிக்அப் வண்டி, கார் மாதிரி இல்லை. 1,100 கிலோ காரில் அதே இன்ஜினை வைத்தால் வண்டி சட்டென்று நகர்ந்துவிடும், இல்லையென்றால் டயர் சுழலும். இரண்டில் எது நடந்தாலும் கியர்பாக்ஸுக்கு வரும் அடி குறைகிறது. 1,900 கிலோ பக்கியில் நல்ல ஸ்லிக் டயரைப் போட்டால் டயர் விடாது, வண்டியும் உடனே நகராது. நடுவில் மாட்டிக்கொள்வது ஷாஃப்டும் கிளட்சும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்ஜின் 1,000 நியூட்டன் மீட்டர் டார்க் தருகிறது. கிளம்பும் நொடியில் கன்வெர்ட்டர், அதாவது இன்ஜினுக்கும் பாக்ஸுக்கும் நடுவில் எண்ணெய் வழியாக டார்க்கைக் கடத்தும் பாகம், அதைச் சுமார் இரண்டு மடங்காக்கும். ஜெனரல் மோட்டார்ஸின் மூன்று கியர் டர்போ 400 பாக்ஸில் (டர்போ என்பது பெயரில் மட்டும்தான்) முதல் கியர் விகிதம் 2.48. ஆக, பாக்ஸின் பின்பக்க ஷாஃப்டில் 5,000 நியூட்டன் மீட்டரை ஒட்டி வந்து நிற்கிறது. குதிரைத்திறன் எண் இதை உங்களுக்குக் காட்டாது.

பவர்கிளைடைப் பக்கியில் வைக்கும் தவறும் இங்கேதான் தொடங்குகிறது. இலகுவான காருக்கு அந்த இரண்டு கியர் பாக்ஸ் அருமையானது. எடை குறைவு, பவரையும் அதிகம் தின்னாது. ஆனால் அதன் முதல் கியர் 1.76. கனமான வண்டியை அந்த விகிதத்தில் நகர்த்த வேண்டுமென்றால் கன்வெர்ட்டர்தான் எல்லாவற்றையும் சுமக்க வேண்டும், சூடும் அதற்கேற்ற மாதிரி ஏறும். பக்கிக்கு டர்போ 400 அல்லது 4எல்80இ என்பது என் அபிப்பிராயம். இரண்டிலும் முதல் மூன்று கியர் ஒன்றேதான்: 2.48, 1.48, 1.00. 4எல்80இ-யில் 0.75 ஓவர்டிரைவ், அதாவது இன்ஜின் மெதுவாகச் சுற்ற வண்டி வேகமாக ஓடும் நான்காம் கியர், கூடுதலாக இருக்கிறது. வண்டியை ஓட்டிக்கொண்டே பந்தயத் தடத்துக்குப் போய், ஓட்டிக்கொண்டே திரும்ப வேண்டும் என்றால் அது வேண்டும். டிரெய்லரில் ஏற்றிப் போகிறவருக்கு அந்த ஓவர்டிரைவ் வீண் எடை. போதாததற்கு அந்தப் பகுதி பாக்ஸின் முன்னால் இருப்பதால் இன்ஜினின் முழு டார்க்கும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகும். உடையக்கூடிய பாகம் ஒன்று கூடுதல்.

பழைய பாக்ஸ் தேடும்போது நம் ஊரில் ஒரு பொறி உண்டு. வலதுபக்க ஸ்டியரிங் நாடுகளில் டர்போ 400 சுலபமாகக் கிடைப்பது பழைய ஜாகுவார் எக்ஸ்ஜே12, எக்ஸ்ஜேஎஸ் வண்டிகளிலிருந்துதான். ஸ்கிராப்யார்டில் மலிவாகப் பார்த்ததும் தூக்கி வந்துவிடுகிறார்கள். டர்போ 400-இல் பெல் ஹவுசிங், அதாவது இன்ஜினோடு சேரும் முன்பகுதி, கேசோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கும். ஜாகுவார் கேசின் போல்ட் துளைகள் செவ்ரோலே இன்ஜினுக்குப் பொருந்தாது. உள்ளே இருக்கும் பாகங்களில் பல உதவும், அதற்காக வாங்கினால் சரி. முழு பாக்ஸாக நினைத்து வாங்கினால் கேசை அமெரிக்காவிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும், ராண்டின் மதிப்பு உங்களை அழ வைக்கும்.

செவ்ரோலே லுமினா யூட் பக்கியில் வந்த மாதிரி எல்எஸ் வகை வி8 இன்ஜினைப் பழைய பாக்ஸோடு சேர்ப்பவர்களுக்கு இன்னொரு பொறி. எல்எஸ் கிராங்க்ஷாஃப்டின் பின்முகம் செவ்ரோலேயின் பழைய ஸ்மால் பிளாக் வி8-ஐவிடச் சுமார் 10 மில்லிமீட்டர் முன்னால் நிற்கும். தொடக்க கால லாரி இன்ஜின்கள் சில மட்டும் விதிவிலக்கு. ஸ்பேசரோ அதற்கென்று செய்த ஃப்ளெக்ஸ் பிளேட்டோ (கிராங்கையும் கன்வெர்ட்டரையும் இணைக்கும் தட்டு) இல்லாமல் மாட்டினால் கன்வெர்ட்டரின் மூக்கு கிராங்கில் உட்காராது. நடுமையம் தப்பிச் சுற்றி, முதலில் பாக்ஸின் எண்ணெய் பம்ப் புஷ்ஷைத் தின்னும், அப்புறம் பம்பையே தின்னும். பிறகு "பம்ப் மட்டமான சரக்கு" என்று பழி விழும்.

அளக்காமல் கட்டுவது

இதுதான் பெரிய தவறு, நிதானமாகப் பார்ப்போம். 300எம் ஸ்டீல் இன்புட் ஷாஃப்ட், பில்லெட் டிரம், விலையுயர்ந்த ஃப்ரிக்ஷன் பிளேட் எல்லாம் வாங்கி மேசையில் அடுக்கியாயிற்று. ஆனால் ஃபீலர் கேஜும் டயல் கேஜும் வொர்க்ஷாப்பில் இல்லை. இப்படிக் கட்டிய பாக்ஸ், சாதாரணப் பாகங்களை அளந்து கட்டிய பாக்ஸுக்கு முன்னாலேயே செத்துப்போகும்.

கிளட்ச் பேக்கின் இடைவெளிக்குப் பலரும் பின்பற்றும் பொதுக் கணக்கு, ஒரு ஃப்ரிக்ஷன் பிளேட்டுக்குச் சுமார் 10 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது கால் மில்லிமீட்டர். ஆறு பிளேட் இருந்தால் ஒன்றரை மில்லிமீட்டர். இதைவிட இறுக்கினால் கிளட்ச் விட்ட பிறகும் பிளேட்டுகள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டே இருக்கும். நேர் ஓட்டத்தில் தெரியாது, திறந்து பார்க்கும்போது நீலம் பாய்ந்த ஸ்டீல் பிளேட் சொல்லும். தளர்த்தினால் பிஸ்டன் அதிக தூரம் நகர வேண்டும், கியர் தாமதமாக விழும், அந்தத் தாமதத்தில் பிளேட் வழுக்கும். பாகங்களின் குறிப்பேடு அமெரிக்க அங்குலத்தில் இருக்கும், நம் கேஜ் மில்லிமீட்டரில் இருக்கும். 0.060 என்பது அங்குலமா மில்லியா என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். மின்வெட்டில் டார்ச் வெளிச்சத்தில் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

பிளேட் எண்ணிக்கையைக் கூட்டும் ஆசை இன்னொன்று. டிரம்முக்குள் இடம் அவ்வளவுதான். ஒரு ஃப்ரிக்ஷன் கூடுதலாகத் திணிக்க ஸ்டீல் பிளேட்டுகளை மெலிதாக்குவார்கள். சூட்டை வாங்கி வைத்துக்கொள்வது ஸ்டீல் பிளேட்தான். அது மெலிந்தால் சூட்டில் கோணும், கோணினால் பிடிப்பு போய்விடும். தடித்த ஸ்டீலோடு ஒரு ஃப்ரிக்ஷன் குறைவாக இருப்பதை நான் தேர்ந்தெடுப்பேன். புது ஃப்ரிக்ஷன் பிளேட்டை உலர்ந்தபடியே மாட்டக் கூடாது. குறைந்தது அரை மணி நேரம் ஏடிஎஃப், அதாவது ஆட்டோ கியர்பாக்ஸ் எண்ணெயில் ஊற வேண்டும். சீலிங் ரிங்கை நிறுத்தி வைக்கச் சாதாரண கிரீஸ் தடவுவதும் வேண்டாம், அது எண்ணெயில் கரையாமல் போய் சின்னத் துளைகளை அடைக்கும். வாசலின் போதும்.

டிரம்மை மாட்டி முடித்ததும் அழுத்தக் காற்றை அந்தந்தத் துளையில் விட்டுப் பாருங்கள். பிஸ்டன் 'டொக்' என்று நகர்ந்து நிற்க வேண்டும். 'உஸ்' என்ற சத்தம் நிற்காமல் வந்தால் ஏதோ ஒரு லிப் சீல் மடிந்திருக்கிறது. ஐந்து நிமிடச் சோதனை இது, பாக்ஸை வண்டிக்கு ஏற்றிய பிறகு இதே கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போகும்.

அழுத்தம் கூடினால் பலம் கூடும் என்ற நம்பிக்கை

லைன் பிரஷர், அதாவது பாக்ஸுக்குள் பம்ப் தரும் எண்ணெய் அழுத்தம், ஏற ஏறக் கிளட்ச் பிடிப்பு கூடும் என்பது உண்மைதான். அதற்காக ஸ்பிரிங்கை மாற்றி எண்ணை ஏற்றிக்கொண்டே போனால், பம்ப் அதிக பவரைத் தின்னும், எண்ணெய் சூடாகும், ரிங் தேயும், கன்வெர்ட்டர் பலூன் மாதிரி உப்ப ஆரம்பிக்கும். டர்போ 400-இல் அழுத்தத்தை ஏற்றுவதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் டைரக்ட் கிளட்ச். அதன் பிஸ்டனில் இரண்டு பரப்புகள் உண்டு. தொழிற்சாலை அமைப்பில் ரிவர்ஸுக்கு இரண்டும் வேலை செய்யும், மூன்றாம் கியருக்குச் சின்னது மட்டும். இரண்டையும் மூன்றாம் கியருக்கும் சேர்த்து விடுவதைத்தான் டூயல் ஃபீட் என்கிறார்கள். அதே அழுத்தத்தில் அதிகப் பிடிப்பு கிடைக்கிறது. டிரான்ஸ்பிரேக் (கிளம்பும்வரை பாக்ஸுக்குள்ளேயே வண்டியைப் பிடித்து வைக்கும் அமைப்பு) உள்ள வால்வ் பாடி, அதாவது எண்ணெயைக் கிளட்சுகளுக்குப் பிரித்து அனுப்பும் பகுதி, வைக்கப் போகிறீர்கள் என்றால் அது டூயல் ஃபீடோடு ஒத்துப்போகுமா என்று அதன் தயாரிப்பாளர் குறிப்பைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். டிரான்ஸ்பிரேக் இந்தக் கிளட்சைத்தான் பிடித்து வைக்கிறது, பச்சை விளக்குக்கு அது சட்டென்று விட வேண்டும்.

டர்போ போட்ட இன்ஜினில் பழைய வேக்யூம் மாடுலேட்டரை அப்படியே விட்டுவிடுவதும் வழக்கமான தவறு. அது இன்ஜினின் உறிஞ்சலைப் பார்த்து அழுத்தத்தை முடிவு செய்யும் கருவி. பூஸ்ட் வரும்போது என்ன செய்வது என்று அதற்குத் தெரியாது. கியரை நீங்களே லீவரில் மாற்றும் மேனுவல் வால்வ் பாடி போட்டு அந்தச் சிக்கலையே எடுத்துவிடுங்கள்.

டர்பன் கன்வெர்ட்டர், ஹவுட்டெங் காற்று

கன்வெர்ட்டரை ஸ்டால் எண் (வண்டி நிற்கும்போது முழு மிதியில் இன்ஜின் ஏறக்கூடிய சுற்று வேகம்) பார்த்து மட்டும் வாங்குகிறார்கள். 5,000 ஸ்டால் என்பது கன்வெர்ட்டரின் நிரந்தரக் குணம் இல்லை, எந்த இன்ஜின் எவ்வளவு டார்க் தள்ளுகிறது என்பதைப் பொறுத்தது. டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது. ஹவுட்டெங் மாகாணத்தில் கிரூகர்ஸ்டார்ப் பக்கத்து டார்ல்டன் 1,500 மீட்டருக்கு மேல். அங்கே காற்றின் அடர்த்தி சுமார் 15 சதவீதம் குறையும், டர்போ இல்லாத இன்ஜினின் டார்க்கும் ஏறக்குறைய அவ்வளவு விழும். ஸ்டால், டார்க்கின் வர்க்கமூலத்தோடு போகும். ஆகவே டர்பனில் 5,000 காட்டியது டார்ல்டனில் 4,600-இல் நின்றுவிடும். "பாக்ஸ் வழுக்குது" என்று இறக்கிப் பிரிக்கிறார்கள், பாக்ஸில் ஒன்றும் இருக்காது. மேலே ஓட்டத்துக்கென்று கட்டிய கன்வெர்ட்டரைக் கீழே டர்பனுக்குக் கொண்டுவந்தால் கதை தலைகீழ், ஸ்டால் ஏறி டயரைச் சுழற்றிவிடும். எந்த ஊர் ஓட்டம் என்பதையும் வண்டி எடையையும் கன்வெர்ட்டர் கட்டுகிறவரிடம் சொல்லுங்கள்.

சூடு பற்றி ஒரு கணக்கு. வண்டி நிற்க, இன்ஜின் டிரான்ஸ்பிரேக்கில் தள்ளிக்கொண்டிருந்தால் அந்தப் பவர் முழுவதும் எண்ணெயில் சூடாக இறங்கும். 200 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். பாக்ஸிலும் கன்வெர்ட்டரிலுமாகப் பத்து லிட்டர் எண்ணெய் என்றால் நொடிக்குச் சுமார் 12 டிகிரி ஏறும். கோட்டில் நின்று எதிராளியோடு விளையாட்டுக் காட்டும் ஐந்து நொடி 60 டிகிரி. எந்தக் கூலரும் அந்த ஐந்து நொடியில் உங்களைக் காப்பாற்றாது, ஓட்டங்களுக்கு நடுவில் ஆற்றுவதற்குத்தான் அது. டெம்பரேச்சர் கேஜ் இல்லாத டிராக் பக்கியை நான் முழு வண்டியாகவே எண்ண மாட்டேன்.

முதல் கியரில் பர்ன்அவுட்

டயர் சூடேற்றும்போது புகை அழகாக வருகிறதென்று முதல் கியரிலேயே மிதிக்கிறார்கள். டர்போ 400-இல் முதல் கியரின்போது டைரக்ட் டிரம் இன்ஜினுக்கு எதிர்த்திசையில், இன்ஜின் வேகத்தில் சுமார் 84 சதவீதத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரம் பின்னால் இருக்கும் லோ ரோலர் (ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் கிளட்ச்) உடைந்து, சக்கரம் நின்று, இன்ஜின் மட்டும் ஓடினால் டிரம் இன்ஜினைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகம் பிடிக்கும். இன்ஜின் 7,000 என்றால் டிரம் 14,500. வார்ப்பு டிரம் அந்த வேகத்தில் வெடிக்கும், துண்டுகள் போகும் வழியில் உங்கள் கால் இருக்கிறது. இரண்டாம் கியரில் அதே டிரம் அசையாமல் நிற்கும். பர்ன்அவுட்டை இரண்டாம் கியரில் செய்யுங்கள். ஈரம் முடிந்து காய்ந்த இடத்துக்கு டயர் வரும்போது இன்னமும் மிதித்துக்கொண்டிருக்காதீர்கள். எஸ்எஃப்ஐ 4.1 பாதுகாப்புத் தர முத்திரை உள்ள கியர்பாக்ஸ் ஷீல்டை, வண்டி எவ்வளவு வேகமோ பார்க்காமல் போட்டுவிடுங்கள்.

மேனுவல் வால்வ் பாடியில் ஓட்டம் முடிந்ததும் பழக்க தோஷத்தில் லீவரை முதல் கியருக்கு இழுப்பதும் ஸ்ப்ராக்கை, அதாவது பாக்ஸுக்குள் ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் கிளட்சை, கொல்லும் வேலை. அதைத் தடுக்கும் பூட்டு உள்ள ஷிஃப்டர் கிடைக்கிறது.

மாட்டும்போது

கன்வெர்ட்டர் பம்பில் முழுவதும் உட்காராமல் பெல் ஹவுசிங் போல்டை இறுக்கி இழுத்து சேர்ப்பதுதான் புது பம்பை உடைக்கும் மிக வேகமான வழி. பெல் ஹவுசிங் இன்ஜினோடு கையாலேயே சேர வேண்டும். சேர்ந்த பிறகு கன்வெர்ட்டர் தாராளமாகச் சுற்ற வேண்டும், அதை முன்னால் இழுத்து ஃப்ளெக்ஸ் பிளேட்டைத் தொட வைக்க 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் நிறுத்திவிட்டுக் கழற்றுங்கள். அதிகமென்றால் வாஷர் வையுங்கள். இன்ஜினையும் பாக்ஸையும் நேராக நிறுத்தும் டோவல் பின் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய இன்ஜினில் ஒன்று காணாமல் போயிருப்பது சகஜம்.

பாக்ஸின் காற்று வெளியேறும் வென்ட் குழாயை மூடிவிடாதீர்கள், மேலே உயர்த்திக் கொண்டுபோங்கள். உயர் வேகத்தில் எண்ணெய் வெளியே வந்து டயரில் பட்டால் வண்டி சுவரைத் தேடிப் போகும்.

கடைசியாக, ஒருமுறை உடைந்த பாக்ஸைச் சரி செய்கிறவர்களுக்கு. பழைய கூலரையும் கன்வெர்ட்டரையும் அப்படியே மாட்டாதீர்கள். உடைந்தபோது உதிர்ந்த பித்தளையும் இரும்பும் கூலரின் மடிப்புகளில் தங்கியிருக்கும். வெளியில் எவ்வளவு கழுவினாலும் முழுக்க வராது, ஆதலால் புதுக் கூலர். கன்வெர்ட்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து எண்ணெய் வடிப்பதால் சுத்தமாகாது. வெட்டித் திறந்து, கழுவி, மறுபடி வெல்ட் செய்து, பேலன்ஸ் பார்த்துத் தர வேண்டும். அதற்கு ஆகும் செலவு இரண்டாவது முறை வாங்கும் ஃப்ரிக்ஷன் செட்டோடும் பம்போடும் ஒப்பிட்டால் குறைவுதான்.